மூன்றாம் கோடைக்குத் தண்ணீர்: சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு மாநில பட்ஜெட்டில் நீண்டகால நிதி திட்டமிடுவது எப்படி?

ஒரு மரக்கன்றை நட ஒரு நாள் போதும். அது வேர் பிடித்துத் தானாகத் தண்ணீர் தேடிக்கொள்ள மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குப் பணம் தரும் பட்ஜெட்டின் ஆயுளோ பெரும்பாலும் பன்னிரண்டே மாதம். முதல் ஆண்டு நடவுக்கு நிதி வரும், விழா நடக்கும், படம் எடுப்பார்கள். இரண்டாம் கோடையில் களையெடுப்புக்கான தொகை பாதியாகும். மூன்றாம் கோடையில் தண்ணீர் லாரிக்குக் கணக்குத் தலைப்பே இருக்காது. சதுப்புநிலம், ஆற்றங்கரை, காற்றுத் தரத்தை அளக்கும் நிலையம், பழைய குப்பைக் கிடங்கு என எதை எடுத்தாலும் இதே கதைதான்.

துறைக்குள் இருந்து திட்டம் எழுதுகிறவர்கள், சட்டமன்ற உறுப்பினர்களுக்கு உதவுகிறவர்கள், வெளியிலிருந்து கேள்வி கேட்கும் அமைப்புகள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான். திட்டத்தைக் கடைசி ஆண்டிலிருந்து பின்னோக்கி எழுதுங்கள். பராமரிப்புக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாத வேலைக்கு அடிக்கல் நாட்டாதீர்கள்.

படி 1: வேலையின் ஆயுளை எழுதுங்கள்

தொகையைப் பற்றிப் பேசும் முன், ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாகப் போட்டு, அந்தந்த ஆண்டில் களத்தில் யார் என்ன செய்வார்கள் என்று எழுதுங்கள். ஓர் ஏரியைச் சீரமைப்பதை எடுத்துக்கொள்வோம். விலைவாசி இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முதன்மைப் பணி ஆண்டின் செலவை 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

பணிக்கு முந்தைய ஆண்டில் எல்லை அளவீடு, நீர் மாதிரி, மண் ஆய்வு: 10. முதல் ஆண்டில் தூர்வாருதல், கரை உயர்த்துதல், வரத்து வாய்க்கால் சீரமைப்பு: 100. இரண்டாம் ஆண்டில் வண்டல் பிடிக்கும் தொட்டி, மதகு, கரையோர நடவு: 60. அரசு அறிவிப்பில் வருவது இந்த 170 தான். அடுத்த எட்டு ஆண்டுகளில் ஆகாயத்தாமரை அள்ள வேண்டும், மதகுக்குக் கிரீஸ் போட வேண்டும், கரையில் விழும் எலி வளைகளை அடைக்க வேண்டும், ஆக்கிரமிப்பு வராமல் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு நான்கு முறையாவது நீர் மாதிரி எடுக்க வேண்டும். இதற்கு ஆண்டுக்கு 8 என்றால் மொத்தம் 64. இடையில் ஆறாம் ஆண்டு வாக்கில் வண்டல் தொட்டியை முழுதாகக் காலிசெய்து கரையைச் செப்பனிட 20. ஆக, பத்தாண்டுக் கணக்கு 254. இதில் 84, அதாவது மூன்றில் ஒரு பங்கு, திறப்பு விழா முடிந்த பிறகு வரும் செலவு. அந்தப் பங்கைக் கொடுக்காவிட்டால் முதலில் போட்ட 170 வண்டலுக்கு அடியில் போய்விடும்.

இதில் விலை உயர்வைச் சேர்க்கவில்லை. ஆண்டுக்கு 5 சதவீத உயர்வு என்றால், முதல் ஆண்டு விலையில் 8 ஆக இருக்கும் பராமரிப்பு பத்தாம் ஆண்டில் 12.4 ஆகிவிடும். பத்தாண்டுக்கும் ஒரே தொகையைப் போட்டு வரும் கோப்பு உங்கள் மேசைக்கு வந்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

படி 2: செலவை அதன் குணம் பார்த்துப் பிரியுங்கள்

பட்ஜெட் புத்தகம் மூலதனச் செலவு (சொத்து உருவாக்குவது), வருவாய்ச் செலவு (அன்றாடம் நடத்துவது) என்று இரண்டாகப் பிரிக்கும். சுற்றுச்சூழல் பணிக்கு மூன்றாக இருந்தால் நல்லது. ஒரே முறை வருவது (நிலம் வாங்குதல், கட்டுமானம்), ஆண்டுதோறும் வருவது (ஆள், எரிபொருள், ஆய்வகம்), சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது (மறுபடி தூர்வாருதல், கருவி மாற்றுதல்). மூன்றாவதுதான் எப்போதும் விட்டுப்போகும். எந்த ஒரு ஆண்டின் பட்ஜெட்டிலும் அது கண்ணில் படாது. அது தேவைப்படும் ஆண்டில் திடீர்ச் செலவுபோல வந்து நிற்கும்.

ஒரு நீர் ஆய்வகத்தில் ஒருமுறை பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கன உலோகங்களை அளக்கும் விலையுயர்ந்த கருவி, மேலே சுற்றி வந்த பிளாஸ்டிக் உறைகூடக் கிழியாமல் இருந்தது. வாங்க மூலதன நிதி இருந்தது. அதற்குத் தேவையான வாயு உருளைக்கும் வேதிப்பொருளுக்கும் ஆண்டு நிதி இல்லை. பயிற்சி பெற்ற ஆளும் மாற்றலாகிப் போயிருந்தார். யாரும் திருடவில்லை, யாரும் பொய் சொல்லவில்லை. இரண்டு செலவுகளும் இரண்டு வேறு கோப்புகளில் போனதுதான் காரணம்.

எனவே ஒவ்வொரு மூலதனச் செலவுக்கும் பக்கத்திலேயே அது பெற்றெடுக்கும் ஆண்டுச் செலவை எழுதும் பழக்கத்தைத் துறையில் கட்டாயமாக்குங்கள். இந்த ஒரு படிவ மாற்றத்துக்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.

படி 3: இப்போது உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. இந்தியாவின் மாநில பட்ஜெட்டுகளில் ஒரே தலைப்புக்கு எதிரே முந்தைய ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பு ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு என்று எண்கள் நிற்கும். ஐந்து ஆண்டுப் புத்தகங்களை எடுத்து உண்மைக் கணக்கை மட்டும் கோர்த்துப் பாருங்கள். அறிவிப்பில் ஏறிக்கொண்டே போன தொகை, உண்மையில் தேங்கி நிற்பது பல தலைப்புகளில் தெரியும். சம்பளத்தைத் தனியே கழித்துவிட்டுப் பாருங்கள். களத்தில் இறங்கும் பணம் எவ்வளவு என்பது அப்போதுதான் வெளிவரும்.

இன்னொன்று, சுற்றுச்சூழல் செலவு சுற்றுச்சூழல் துறையில் மட்டும் இருக்காது. நீர்வளம், வேளாண்மை, உள்ளாட்சி, போக்குவரத்து எல்லாவற்றிலும் சிதறிக் கிடக்கும். சூழலைக் கெடுக்கும் செலவும் அங்கேயேதான் இருக்கும். பிரான்ஸ் அரசு 2021ஆம் ஆண்டு நிதி மசோதாவோடு தன் செலவினங்களைச் சூழலுக்கு உதவுவது, பாதிப்பது என்று வகைப்படுத்தி வெளியிட்டது. மாநில அளவில் முழு பட்ஜெட்டுக்கும் இதைச் செய்ய ஆள்பலம் வேண்டும். நான்கு பெரிய துறைகளில் தொடங்கினாலே போதும்.

படி 4: பணத்தின் குணத்தைச் செலவின் குணத்தோடு பொருத்துங்கள்

எல்லாத் திட்டங்களும் தடுமாறும் இடம் இது. நிதி எவ்வளவு என்று கேட்பதற்கு முன், இந்தப் பணம் எப்படி நடந்துகொள்ளும் என்று கேட்க வேண்டும்.

பொது வருவாயிலிருந்து வரும் பணம் நெகிழ்வானது, ஆனால் மந்தநிலை வந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். மருத்துவமனையோடும் பள்ளியோடும் போட்டியிட்டு ஒரு சதுப்புநிலம் வெல்வது அரிது.

அகன்ற அடித்தளம் உள்ள ஒரு வரியில் சிறு பங்கைச் சட்டப்படி ஒதுக்குவது இதைவிட உறுதியானது. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 1976இல் வாக்காளர்கள் விற்பனைத் தொகையில் ஒரு சதவீதத்தின் எட்டில் ஒரு பங்கு வரியை வனவிலங்கு, காடு, மீன்வளப் பாதுகாப்புக்கென அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். வீதம் மிகச் சிறியது, அடித்தளம் மிக அகலமானது. விலைவாசி ஏறினால் விற்பனைத் தொகையும் ஏறும், கூடவே இந்தப் பங்கும் ஏறும். வனக்காவலர் சம்பளம்போல ஆண்டுதோறும் வரும் செலவுக்கு இத்தகைய வருவாயே பொருத்தம்.

டன்னுக்கு இவ்வளவு, லிட்டருக்கு இவ்வளவு என்று நிலையான தொகையாக விதிக்கும் தீர்வைக்கு இந்தக் குணம் கிடையாது. ஆண்டுக்கு 6 சதவீத விலை உயர்வில் பன்னிரண்டே ஆண்டுகளில் அதன் மதிப்பு பாதியாகிவிடும். சட்டத்தில் விலைக் குறியீட்டோடு இணைக்கும் ஒரு வாசகத்தைச் சேர்க்காமல் இத்தகைய தீர்வையை நம்பிப் பத்தாண்டுத் திட்டம் போடக் கூடாது.

மாசுக்கு விதிக்கும் தீர்வையில் இன்னொரு சிக்கல் உண்டு. அது வேலை செய்தால் வருவாய் சுருங்கும். அயர்லாந்து 2002 மார்ச்சில் பிளாஸ்டிக் பைக்கு 15 சென்ட் தீர்வை விதித்தது. பயன்பாடு 90 சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. சூழலுக்கு அது வெற்றி. அந்த வருவாயை நிரந்தரப் பணியாளர் சம்பளத்துக்கு எழுதிவைத்திருந்தால், திட்டம் வென்ற ஆண்டிலேயே சம்பளம் நின்றிருக்கும். இப்படிப்பட்ட பணத்தை மாற்றுப் பொருள் ஏற்பாடு, விழிப்புணர்வு, ஒருமுறை வாங்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு மட்டும் வையுங்கள்.

கரிம உமிழ்வு உரிமங்களை (இவ்வளவு கரியமில வாயுவை வெளியிடலாம் என்று நிறுவனங்களுக்கு அரசு தரும் அனுமதிகளை) ஏலம் விடும் வருவாய் பெரிதாக இருக்கும், ஆனால் குதித்துக் குதித்து வரும். கலிபோர்னியாவில் 2016 மே மாத ஏலத்தில், அத்திட்டத்தின் சட்ட எதிர்காலம் பற்றிய ஐயமும் உரிமங்களின் மிகுதியும் சேர்ந்ததால், விற்பனைக்கு வைத்ததில் சிறு பகுதியே விலைபோனது. எதிர்பார்த்த தொகை அந்தக் காலாண்டில் வரவே இல்லை. இதிலிருந்து செலவிட நினைத்தால், வந்த பணத்தைத்தான் செலவிட வேண்டும். வரும் என்று நம்பும் பணத்துக்கு ஒப்பந்தம் போடக் கூடாது.

கடன்பத்திரம் மூலதனப் பணிக்கு ஏற்றது. கலிபோர்னிய வாக்காளர்கள் 2014இல் நீர்வளத்துக்கென 750 கோடி டாலர் அளவுக்கும், 2024இல் நீர், காட்டுத்தீ, காலநிலைத் தயார்நிலை ஆகியவற்றுக்காக 1,000 கோடி டாலருக்கும் கடன்பத்திரங்களுக்கு ஒப்புதல் தந்தார்கள். முப்பது ஆண்டு நிற்கும் கரைக்கு முப்பது ஆண்டுக் கடன் வாங்குவது நியாயம். இரண்டு ஆண்டுக் களையெடுப்புக்கு முப்பது ஆண்டுக் கடன் வாங்கினால், களை போன பிறகும் வட்டி மட்டும் வந்துகொண்டிருக்கும்.

மேலிருந்து வரும் பகிர்வு இன்னொரு வகை. இந்தியாவில் மத்திய வரியைப் பகிரும் முறையைப் பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் 14ஆவது குழு, மாநிலங்களுக்கிடையே வரிப் பகிர்வில் வனப்பரப்புக்கு 7.5 சதவீத எடை தந்தது. 15ஆவது நிதிக் குழு அதை வனமும் சூழலியலும் என்ற பெயரில் 10 சதவீதமாக்கியது. பிரேசிலின் பரானா மாநிலம் 1991இலேயே உள்ளாட்சிகளுக்குத் தரும் விற்பனை வரிப் பங்கில் 5 சதவீதத்தைச் சூழல் அளவுகோல்களின்படி பிரித்துக் கொடுக்கச் சட்டம் இயற்றியது. காட்டைக் காக்கும் ஊருக்குக் கூடுதல் பணம். இதில் கவனிக்க வேண்டியது, காட்டுக்காகக் கிடைத்த பணம் காட்டுக்கே போக வேண்டும் என்று இந்திய முறையில் கட்டாயம் இல்லை. அது பொது வருவாயில் கலந்துவிடும். காடு அதிகமுள்ள மாநிலத்தில் இருந்தால், அந்த 10 சதவீத எடையால் எவ்வளவு வந்தது என்று கணக்கிட்டு நிதித்துறையிடம் காட்டுங்கள். வாதத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

படி 5: பூட்டுப் போடுங்கள், சாவியை மறக்காதீர்கள்

தனி நிதி உருவாக்கினால் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். தனி நிதிகள் கெட்டுப்போகும் வழிகள் எல்லாம் உலகம் ஏற்கனவே பார்த்தவை. சட்ட வரைவை எழுதும்போது அவற்றை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும்.

முதல் வழி பதிலீடு. புது நிதியிலிருந்து 100 வந்ததும், பழைய பொது ஒதுக்கீட்டில் 100 குறைத்துவிடுவார்கள். மொத்தம் மாறாது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 2008இல் வாக்காளர்கள் ஏற்ற திருத்தம் விற்பனை வரியை ஒரு சதவீதத்தின் எட்டில் மூன்று பங்கு உயர்த்தி 25 ஆண்டுகளுக்கு, அதாவது 2034 வரை, தூய நீர், வனவிலங்கு வாழிடம், பூங்கா, கலை ஆகியவற்றுக்குப் பிரித்தது. இந்தப் பணம் வழக்கமான நிதிக்குக் கூடுதலாக இருக்க வேண்டும், அதற்குப் பதிலாக இருக்கக் கூடாது என்று அரசமைப்பிலேயே எழுதினார்கள். அந்த வாசகத்தைப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். அதோடு அடிப்படை ஆண்டு எது, எந்தத் தொகைக்குக் கீழே பொது ஒதுக்கீடு போகக் கூடாது என்ற எண்ணையும் சேர்த்தால்தான் நீதிமன்றத்தில் நிற்கும்.

இரண்டாம் வழி திசைமாற்றம். புளோரிடாவில் 2014இல் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வாக்காளர்கள், ஆவணப் பதிவு வரியின் நிகர வருவாயில் 33 சதவீதத்தை 20 ஆண்டுகளுக்கு நிலங்களை வாங்கிப் பாதுகாக்கவும் பராமரிக்கவும் ஒதுக்கினார்கள். அடுத்த ஆண்டே அந்தப் பணம் துறைகளின் அன்றாடச் செலவுக்குப் போகிறது என்று வழக்குத் தொடரப்பட்டது, அது பல ஆண்டுகள் நீண்டது. எதற்குச் செலவிடலாம் என்று எழுதுவது போதாது. எதற்குச் செலவிடக் கூடாது என்றும் எழுத வேண்டும். 1937இல் அமெரிக்க நாடாளுமன்றம் வேட்டைத் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரியை மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்குத் தந்தபோது நல்ல நிபந்தனை ஒன்றைப் போட்டது. வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு எதற்கும் திருப்பமாட்டோம் என்று தன் சட்டத்தில் எழுதிய மாநிலத்துக்கே பணம். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆண்டுகளாக அந்தப் பூட்டு தாங்கி நிற்கிறது.

மூன்றாம் வழி வசூலித்துவிட்டு ஒதுக்காமல் இருப்பது. அமெரிக்காவின் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிக்குக் கடல் எண்ணெய் வருவாயிலிருந்து ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை தரலாம் என்று சட்டம் சொன்னது. பெரும்பாலான ஆண்டுகளில் முழுத் தொகை ஒதுக்கப்படவில்லை. 2020இல்தான் முழுத் தொகையும் கட்டாயம் என்று சட்டம் வந்தது. இந்தியாவில் நிலக்கரிக்கு 2010இல் டன்னுக்கு 50 ரூபாயாகத் தொடங்கிய தூய எரிசக்தி செஸ் (ஒரு நோக்கத்துக்கென வசூலிக்கும் கூடுதல் வரி) 2016இல் 400 ரூபாயானது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது அது மாநிலங்களுக்கான இழப்பீட்டு செஸ்ஸில் கரைந்தது. வரி தொடர்ந்தது, நோக்கம் போய்விட்டது.

நான்காம் வழி காலாவதி. அமெரிக்காவில் நச்சுக் கழிவு நிலங்களைச் சுத்தம் செய்யும் நிதிக்குக் கச்சா எண்ணெய், வேதிப்பொருள் நிறுவனங்கள் செலுத்திய வரி 1995 முடிவில் காலாவதியானது. நிதி கரைந்து, சுமை பொது வருவாயின் மேல் விழுந்தது. வேதிப்பொருள் வரியை மீட்டெடுக்க 2021 வரை ஆனது. காலவரையறை கெட்டதென்று நான் சொல்லவில்லை. மிசௌரியில் பூங்காவுக்கும் மண், நீர்ப் பாதுகாப்புக்கும் உள்ள இன்னொரு சிறு விற்பனை வரி 1984இல் வந்தது. வாக்காளர்கள் அதை 1988, 1996, 2006, 2016 என்று நான்கு முறை புதுப்பித்திருக்கிறார்கள். மறுபடி மக்களிடம் போக வேண்டும் என்பதாலேயே அந்தத் துறைகள் செய்ததைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. காலவரையறை வைத்தால், முடிவுக்கு இரண்டு ஆண்டு முன்பே புதுப்பிக்கும் விவாதம் தானாகத் தொடங்கும் என்று ஒரு விதியும் வையுங்கள்.

ஐந்தாவது, பூட்டு இறுகிப்போவது. இந்தியாவில் காட்டை வேறு பயனுக்கு எடுப்பவர்கள் கட்டும் ஈட்டுக் காடு வளர்ப்புப் பணம் பல ஆண்டுகள் செலவாகாமல் தேங்கி நின்றது. 2016இல் சட்டம், 2018இல் விதிகள், 2019 ஆகஸ்டில் 47,000 கோடி ரூபாய்க்கும் மேல் மாநிலங்களுக்கு மாற்றம். அந்தப் பணம் ஆண்டு முடிவில் காலாவதியாகாது, வட்டியும் சேரும், 90 சதவீதம் மாநிலத்துக்கு. அமைப்பு நல்லது. ஆனால் தேங்கிய ஆண்டுகளில் நட்டிருக்கக்கூடிய காடு திரும்ப வராது. சாவி யாரிடம், எத்தனை நாளில் திறக்க வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கட்டும்.

படி 6: மூன்று வானிலைக்கும் அட்டவணை

பத்தாண்டு அட்டவணையை ஒரே கணிப்பில் போடாதீர்கள். வருவாய் எதிர்பார்த்தபடி வந்தால், 20 சதவீதம் குறைந்தால், ஓர் ஆண்டு முழுதும் வராவிட்டால் என்று மூன்று நிரல். மூன்றாவது நிரலில் பராமரிப்பு மட்டுமாவது ஓட வேண்டும். அதற்கு ஓர் ஆண்டுப் பராமரிப்புச் செலவுக்குச் சமமான இருப்பு வேண்டும். நல்ல ஆண்டுகளில் ஏலம், பதிவு வரி போன்றவற்றிலிருந்து கூடுதலாக வருவதை இந்த இருப்புக்கே முதலில் அனுப்புங்கள்.

நிரந்தரப் பராமரிப்புக்கு மூலநிதி (முதலைத் தொடாமல் வருமானத்தை மட்டும் செலவிடும் தொகை) வைக்க நினைத்தால் கணக்கு இப்படி. விலை உயர்வைக் கழித்து ஆண்டுக்கு 3 சதவீதம் வருமானம் தரும் முதலீட்டில், ஆண்டுக்கு 6 வேண்டுமென்றால் 200 போட்டாக வேண்டும். பெரிய தொகைதான். சிறு நீர்நிலைக்கும் தனிப் பூங்காவுக்கும் சரிவரும். மாநிலம் முழுக்க உள்ள திட்டத்துக்குச் சரிவராது.

படி 7: நாட்காட்டி

இந்திய மாநிலங்களுக்கு நிதியாண்டு ஏப்ரல் 1, பெரும்பாலான அமெரிக்க மாநிலங்களுக்கு ஜூலை 1. பட்ஜெட் தாக்கலாகும் வாரத்தில் கோரிக்கை மனு கொடுப்பது பயனற்றது. துறைகள் தங்கள் மதிப்பீட்டை அதற்குப் பல மாதம் முன்பே நிதித்துறைக்கு அனுப்பிவிடும். உங்கள் எண்கள் அந்த மதிப்பீட்டைத் தயாரிக்கும் பிரிவு அலுவலரின் மேசையில் அப்போதே இருக்க வேண்டும்.

மழைக்கும் நிதியாண்டுக்கும் ஒத்துவராது என்பதையும் பாருங்கள். நடவுக்கான கன்றுகளை நாற்றங்காலில் குறைந்தது ஒரு பருவம் முன்பே தொடங்க வேண்டும். ஜூலையில் நிதி விடுவித்து அதே மழைக்கு நடச் சொன்னால், கிடைக்கிற இனத்தைக் கிடைக்கிற உயரத்தில் வாங்கி நடுவார்கள். நாற்றங்கால் செலவை முந்தைய ஆண்டின் ஒதுக்கீட்டில் போடுவது சிறு மாற்றம்தான், கன்றுகளின் பிழைப்பில் பெரிய வித்தியாசம் தெரியும்.

படி 8: செலவிடும் திறனும் கணக்குக் காட்டுதலும்

மார்ச்சில் அவசர அவசரமாகச் செலவாகும் பணம், திட்டத்தில் பிழை இருப்பதற்கான அறிகுறி. ஒப்பந்தப்புள்ளிக்கு எத்தனை மாதம், நில அனுமதிக்கு எத்தனை மாதம், எத்தனை பணியிடம் காலி என்று முதலில் பாருங்கள். முதல் ஆண்டில் 40 தான் செலவிட முடியும் என்றால் 40 கேளுங்கள். 100 கேட்டு 60 திருப்பிக் கொடுத்தால், அடுத்த ஆண்டு நிதித்துறை அந்த 60ஐத்தான் நினைவில் வைத்திருக்கும்.

ஆண்டறிக்கையில் நட்ட கன்றுகளின் எண்ணிக்கையோடு மூன்றாம் ஆண்டு முடிவில் உயிரோடுள்ள எண்ணிக்கையும் வரட்டும். தூர்வாரிய கன மீட்டரோடு, கோடை முடிவில் ஏரியில் நின்ற நீர்மட்டமும் வரட்டும். இந்த அளவீட்டுக்கே மொத்தச் செலவில் ஒரு சிறு பங்கைத் தொடக்கத்திலேயே எழுதிவையுங்கள். பின்னால் கேட்டால் கிடைக்காது.

படி 9: வெட்டு வரும் ஆண்டுக்கான வரிசை

நல்ல காலத்திலேயே ஒரு பக்கத் தாளில் இதை எழுதி, துறைச் செயலரின் ஒப்புதலோடு கோப்பில் வையுங்கள். நிதித்துறை 15 சதவீதம் குறைக்கச் சொன்னால் முதலில் நிறுத்துவது புதிய பணிகள். அடுத்து விழா, விளம்பரம், வாகனம். அதற்கடுத்து, பாதிக்கும் கீழே முடிந்த கட்டுமானங்களில் பாதுகாப்பாக நிறுத்திவைக்கக்கூடியவை. நீர் மாதிரி எடுப்பது கடைசிக்கு முந்தையது. அந்தத் தரவுத் தொடர் ஓர் ஆண்டு அறுந்தால் பின்னால் காசு கொடுத்தும் வாங்க முடியாது. பட்டியலின் கடைசி வரியில், நட்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றுகளுக்கான தண்ணீர்.